அடக்கச் சொன்னால் அடங்குமா?

ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென்று கண்ணை ஓயாமல் சிமிட்டத் தொடங்குகிறான். பெற்றோர் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்கின்றனர். கண்ணில் குற்றம் ஏதும் இல்லை என்று அவர் அனுப்பிவிடுகிறார். இரண்டு மாதம் கழித்துச் சிமிட்டல் தானே நின்றுவிடுகிறது. அதன் இடத்தில் தோளைக் குலுக்கும் வழக்கம் வந்து அமர்ந்துகொள்கிறது. பின்னர் தொண்டையைச் செருமுகிறான், மூக்கை உறிஞ்சுகிறான், ஒரு நாள் நாய்க்குட்டி குரைப்பதைப் போன்ற ஓர் ஒலியை எழுப்புகிறான். வீட்டிலே ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. பாட்டி கண்ணேறு என்கிறாள். சித்தப்பா சினிமா பார்த்துக் கெட்டான் என்கிறார். வாத்தியார் சேட்டை என்கிறார். காரணத்தில் வேறுபடும் இவர்கள் அனைவரும் பரிகாரத்தில் மட்டும் ஒன்றுபட்டுவிடுகின்றனர்: “அப்படிச் செய்யாதே!” என்று அதட்டுவதுதான் அந்தப் பரிகாரம். அதட்ட அதட்ட, அது மிகுகின்றது.

வைத்திய நூலோர் இவ்வசைவுகளை ‘டிக்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லால் குறிப்பிடுகின்றனர். குதிரைகளுக்கு வரும் கெட்ட வழக்கங்களைக் குறிக்க முன்னே வழங்கிய சொல் அது. மனிதருக்கு அதைச் சூட்டியபோதே சிறிது ஏளனமும் ஒட்டிக்கொண்டது போலும்! உடலசைவுகள் பலவும், குரலொலி ஒன்றேனும், 18 வயதுக்கு முன்னர்த் தொடங்கி ஓராண்டுக்கு மேல் தொடருமாயின், அதற்கு ‘டூரெட் நோய்’ என்று பெயர். பள்ளிச் சிறாருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் வரை இதற்கு ஆளாகின்றனர். பெண் குழந்தைகளைக் காட்டிலும் ஆண் குழந்தைகளிடம் இது மூன்று நான்கு மடங்கு மிகுதி. எனவே பெரிய பள்ளிக்கூடம் எதுவாயினும் அங்கே இத்தகைய பிள்ளை ஒன்றிரண்டு இருத்தல் இயல்பே. அப்பிள்ளைகளை உலகம் முந்நூறு ஆண்டுகளாக எவ்வாறு நோக்கி வந்தது என்பதே ஈண்டு நாம் காணப்போகும் கதை.

ஆங்கில மொழிக்கு 1755-ஆம் ஆண்டில் பேரகராதி வகுத்த டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸனை அறியாத கல்விமான்கள் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போது உடல் முன்னும் பின்னும் ஆடும். தலை ஒரு பக்கம் சாயும். வாய் எதையோ மெல்லுவது போல் அசையும். நாக்கினால் கோழி கொக்கரிப்பதைப் போன்ற ஒலியும், பெருமூச்சும், சீழ்க்கை போன்ற ஓசையும் வெளிப்படும். வாயிற்படியைக் கடக்குமுன் இன்ன காலைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று அடிகளை எண்ணிச் சரி செய்வார். தவறிவிட்டால் திரும்பிச் சென்று மறுபடியும் நடந்து வருவார். இவற்றையெல்லாம் அவருடைய நண்பர் பாஸ்வெல் தாம் எழுதி 1791-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் விரிவாகக் குறித்து வைத்திருக்கிறார். ஜான்ஸனுக்கு இருந்தது டூரெட் நோயே என்று 1979-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எழுதிய டாக்டர் முர்ரே என்பவருக்கு இக்குறிப்புகளே சான்றாயின.

இந்த உடலசைவுகள் அவருடைய பிழைப்பைக் கெடுத்தன என்பதைப் பலர் அறியார். 1735-ஆம் ஆண்டில் ஸொலிஹல் என்னும் ஊரில் இருந்த பள்ளியின் ஆசிரியர் பதவிக்கு அவர் பெயர் கூறப்பட்டது. அவர் செருக்குடையவர் என்றும், முகத்தைக் கோணுகிறவர் என்றும், பிள்ளைகள் அதனால் பாதிக்கப்படக்கூடும் என்றும் சொல்லி, பள்ளியை மேற்பார்த்த பெரியோர் மறுத்துவிட்டனர். அவ்வாறு மறுத்து எழுதிய கடிதத்திலேயே, முகக்கோணலை அவரால் தடுக்க இயலாது என்றும் ஒப்புக்கொண்டிருந்தனர். தடுக்க இயலாத ஒன்றென்று அறிந்தும் அதற்காகவே ஒருவரை ஒதுக்கிய நேர்மையை என்னென்பது! பின்னர்ச் சொந்தமாகத் தொடங்கிய பள்ளிக்கு வந்த மாணவர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவனான டேவிட் காரிக் என்பவன் பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த நடிகனாகி, தன் ஆசிரியரின் அங்க சேஷ்டைகளை நடித்துக் காட்டி விருந்தினரைச் சிரிக்கச் செய்தான்.

ஓவியர் ஹோகார்த் ஒருமுறை நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் வீட்டுக்குச் சென்றபோது, ஜன்னலருகே தலையை ஆட்டிக்கொண்டும் உடலை உருட்டிக்கொண்டும் நின்ற ஒருவரைக் கண்டார். புத்தி மழுங்கிய உறவினர் எவரையோ ரிச்சர்ட்ஸனின் பாதுகாப்பில் விட்டிருக்கிறார்கள் போலும் என்று எண்ணினார். சிறிது நேரத்தில் அம்மனிதர் முன்னே வந்து அரசரின் செய்கையைக் கண்டித்துச் சொற்பெருக்காற்றத் தொடங்கவே, ஹோகார்த் வியப்பினால் வாயடைத்துப் போனார். நின்றவர் ஜான்ஸன். உடல் அசைவைக் கண்டு அறிவை அளவிடும் பிழை அன்று ஓவியர் செய்தது. இன்றும் வகுப்பறைகளில் அது நாள்தோறும் நிகழ்கின்றது.

இவ்வரலாற்றில் இன்னும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஓவியர் ஸர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் ஜான்ஸனின் நெருங்கிய நண்பர். அவரை முன்னே அமர்த்திப் படம் வரைந்தவர். ஜான்ஸனுடைய அசைவுகள் இழுப்பு நோய் அல்ல என்று அவர் வாதிட்டார். அசையாமல் உட்காருங்கள் என்று சொன்னால் மற்ற எவரையும் போல அவர் உட்கார்ந்திருந்தாரே, ஆகவே அது வெறும் பழக்கம்தான் என்பது ரெனால்ட்ஸ் கட்சி. இந்த வாதத்தை நம் வீடுகளிலும் கேட்கிறோம் அல்லவா? “விருந்தாளி வந்தால் சாதுவாக இருக்கிறான்; போன மறு நிமிஷம் ஆரம்பித்துவிடுகிறான். வேண்டுமென்றேதான் செய்கிறான்” என்று தாய்மார் சொல்வது இதுதானே?

கூரிய கண்ணுடைய ரெனால்ட்ஸ் கண்டதில் தவறில்லை. அதிலிருந்து கொண்ட முடிவே தவறு. டிக் என்பது வலிப்பைப் போல் மனிதனை முற்றும் கடந்து நிகழ்வதன்று. கையை உயர்த்துவதைப் போல் அவன் நினைத்துச் செய்வதுமன்று. தும்மலை எடுத்துக்கொள்வோம். மூக்கிலே ஒரு குறுகுறுப்பு எழுகின்றது. முயன்றால் சிறிது அடக்கலாம். அடக்குந்தோறும் குறுகுறுப்பு வளர்ந்து, தும்மிய பிறகே விடுதலை கிடைக்கின்றது. டிக் உடைய பிள்ளைகளுள் பத்து வயதை எட்டியவர்கள் இத்தகைய முன்னுணர்ச்சியைத் தெளிவாகவே விவரிக்கின்றனர்: கழுத்திலே ஓர் இறுக்கம், தொண்டையிலே ஓர் அரிப்பு, தோளிலே ஏதோ சரியில்லை என்னும் எண்ணம். அசைத்ததும் அது தணிகின்றது. சற்றைக்கெல்லாம் மீண்டும் எழுகின்றது. விருந்தாளியின் முன்னே அரைமணி நேரம் அடக்கியிருந்த பிள்ளை, அந்த அரைமணியும் வேறு எதிலும் மனம் செலுத்த முடியாமல் பாடுபட்டது என்பதே உண்மை. வீட்டிலே அவிழ்த்துவிடுகிறது என்றால், வீட்டை அது நம்புகிறது என்று பொருள்.

ஜான்ஸன் தாமும் இதை அறிந்திலர். ஏன் இப்படியெல்லாம் செய்கிறீர்கள் என்று சிறுமி ஒருத்தி அவரைக் கேட்டபோது, கெட்ட பழக்கத்தினால்தான் என்றும், அத்தகைய பழக்கம் வராமல் அவள் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாராம். அகராதி முழுவதையும் எழுதிய அறிஞர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல சொல் அக்காலத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை.

இனிப் பிரெஞ்சு தேசத்துக்கு வருவோம். பாரிஸ் நகரத்துச் செவிட்டூமையர் பள்ளியில் வைத்தியராக இருந்தவர் ஈடார். காட்டிலே கண்டெடுக்கப்பட்ட விக்டர் என்னும் சிறுவனைப் பழக்க முயன்றதால் பெயர் பெற்றவர். 1825-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அப்பொழுது 26 வயதாயிருந்த பிரபுகுலப் பெண்மணி ஒருத்தியின் கதை வருகிறது. டாம்பியேர் சீமாட்டி என்று பின்னர் அறியப்பட்டவள் அவள். அவளுக்கு ஏழு வயதானபோது கைகளிலே வெட்டிழுப்பு தோன்றியது. எழுதும்போதே அது மிகுதியாக வந்து, எழுத்துகளைக் கோணலாக்கியது. குழந்தை துடுக்குத்தனம் செய்கிறது என்று வீட்டார் கடிந்துகொண்டனர், தண்டித்தனர். பின்னரே அது அவள் வசத்தில் இல்லை என்று தெரிந்தது. தோள், கழுத்து, முகம் என்று அசைவு பரவியது; பொருளற்ற கூச்சல்கள் எழுந்தன. சுவிட்ஸர்லாந்துக்கு அனுப்பிச் சிகிச்சை செய்தபின் சிறிது காலம் அமைதி நிலவியது. மணமான பிறகு மறுபடியும் வந்துவிட்டது. உரையாடலின் நடுவே நாகரிகமற்ற சொற்களும் அவள் வாயிலிருந்து வெடித்துக் கிளம்பின. அச்சொற்களை எவ்வளவுக்கு அருவருத்தாளோ, சொல்லிவிடுவோமோ என்று எவ்வளவுக்கு அஞ்சினாளோ, அந்த அச்சமே அவற்றை நாவின் நுனிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது என்று ஈடார் மிக நுட்பமாகக் கண்டு சொன்னார். அவள் பெரும்பாலும் தனிமையிலேயே வாழ்ந்து, 1884-இல், எண்பதுக்கு மேற்பட்ட முதுமையில் மறைந்தாள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிடுதல் நலம். இழிசொல் வெளிப்படுதலே இந்நோயின் அடையாளம் என்று சினிமாக்காரர்களும் விகடம் செய்வோரும் பரப்பிவிட்டனர். அது இந்நோயினருள் பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலோ காணப்படுவது, பிறரிடம் இல்லை. என் மகன் கெட்ட வார்த்தை பேசவில்லையே, ஆகவே இந்நோய் இராது என்று முடிவு கட்டும் பெற்றோர் காலத்தை வீணாக்குகின்றனர்.

சீமாட்டி மறைந்த மறு ஆண்டு, 1885-இல், ஜார்ஜ் ஜில் த லா டூரெட் என்னும் இளம் வைத்தியர் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். 1857-இல் பிறந்த அவர், பாரிஸில் ஸால்பெத்ரியேர் மருத்துவமனையில் பேராசிரியர் ஷார்க்கோவின் சீடராயிருந்தார். வெடியுப்புச் சாலையாகத் தொடங்கி, பின்னர் ஏழைப் பெண்களின் புகலிடமாகிய அம்மருத்துவமனை, அக்காலத்தில் நரம்பு வைத்தியத்தின் தலைநகராக விளங்கியது. ஒன்பது நோயாளிகளின் வரலாறுகளை டூரெட் தொகுத்தார். அவற்றுள் ஒன்று ஈடார் எழுதிய சீமாட்டியின் கதை. நோய் குழந்தைப் பருவத்தில் தொடங்குவது, கூடியும் குறைந்தும் வருவது, குடும்பத்தில் தொடர்வது, அறிவைக் கெடுக்காதது என்ற நான்கையும் அவர் சரியாகக் கண்டார். ஷார்க்கோ அந்நோய்க்குத் தம் சீடரின் பெயரையே சூட்டினார். ஆயினும் இது ஒருகாலும் தீராது என்று டூரெட் கூறியது பிழையாயிற்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு முதல் ஆறு வயதில் தொடங்கும் டிக், பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சத்தை எட்டி, வாலிபம் வரும்போது கணிசமாகக் குறைந்துவிடுவதை இன்று அறிவோம். டூரெட்டின் சொந்த முடிவு துயரமானது: 1893-இல் முன்னாள் நோயாளி ஒருத்தி அவரைத் துப்பாக்கியால் சுட்டாள், உயிர் பிழைத்தார் எனினும், 1904-இல் ஸ்விட்ஸர்லாந்தில் மனநோய் விடுதி ஒன்றில் இறந்தார்.

அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வழிதவறிய காலம் என்றே கூற வேண்டும். 1902-இல் மேழ், பாந்தெல் என்னும் இரு பிரெஞ்சு வைத்தியர் எழுதிய பெருநூல், டிக் உடையவர்களை மனவுறுதியற்றவர்கள், குழந்தைத்தனம் நீங்காதவர்கள் என்று தீர்ப்பளித்தது. மனப் பகுப்பாய்வினரோ, 1921-இல் பெரென்ட்ஸி எழுதிய கட்டுரை முதலாக, அடக்கப்பட்ட இச்சைகளில் அதன் வேரைத் தேடினர். பெற்றோரின் கண்டிப்பே காரணம் என்றனர் சிலர். செல்லமே காரணம் என்றனர் வேறு சிலர். முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய தூக்கநோய் என்னும் மூளை அழற்சியிலிருந்து பிழைத்தவர்களிடம் டிக்குகள் தோன்றியதை வைத்தியர்கள் கண்ணாரக் கண்டனர். மூளையிலேயே இதன் இடம் உண்டு என்பதற்கு அது போதிய குறிப்பு. கண்டும் பலர் கருதவில்லை. தாய்மார்கள் பழி சுமந்தனர்.

திருப்பம் மருந்தின் வழியே வந்தது. பெல்ஜியத்தில் 1958-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹாலோபெரிடால் என்னும் மருந்து டிக்குகளைத் தணிப்பதை, 1961-இல் பிரான்ஸிலும் இத்தாலியிலும் இருந்து வைத்தியர்கள் அறிவித்தனர். அமெரிக்காவில் ஆர்தர் ஷாபிரோ, எலெய்ன் ஷாபிரோ தம்பதியர் 24 வயதுப் பெண் ஒருத்திக்கு அதைக் கொடுத்துப் பெற்ற பலனை 1968-இல் வெளியிட்டு, இது மூளையைச் சார்ந்த நோயே என்று வாதிட்டனர். மூளையின் அடித்தளத்தில் அசைவுகளைத் தேர்ந்து விடுக்கும் நரம்புக் கணுக்கள் உள்ளன. டோபமின் என்னும் பொருள் அங்கே செய்தி கடத்துகின்றது. மருந்து அதைத் தடுக்கின்றது. 1972-இல் ந்யூயார்க்கில் சில பெற்றோர் கூடி இந்நோய்க்கென ஒரு சங்கம் நிறுவினர். குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் தாமே எழுந்து பேசத் தொடங்கிய ஆண்டு என்று அதைக் குறித்துக்கொள்ளலாம்.

மருந்து எல்லோருக்கும் வேண்டுவதன்று. உறக்கமும், உடல் விறைப்பும், எடை கூடுதலும் அதனால் நேரக்கூடும். டிக் பிள்ளைக்கு வலியோ, கல்விக்கு இடையூறோ செய்யாவிடில், மருந்தின்றியே பார்த்துவரலாம் என்பது வைத்தியர்களின் இன்றைய கொள்கை. அஸ்ரின், நன் என்னும் இருவர் 1973-இல் வகுத்த பயிற்சி முறையே இப்பொழுது முதலில் நாடப்படுகின்றது. முன்னுணர்ச்சி எழுவதைப் பிள்ளை முதலில் கவனிக்கப் பழகுகின்றது. எழுந்ததும், டிக்குக்கு இடம் தராத வேறொரு செயலை மேற்கொண்டு, உணர்ச்சி தணியும் வரை அதிலே நிற்கின்றது. கழுத்தை வெட்டும் பிள்ளை மோவாயைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்துத் தசைகளை மெல்ல இறுக்கிக்கொள்ளும். ஒலி எழுப்பும் பிள்ளை மூக்கின் வழியே மெதுவாக மூச்சு விடும். இம்முறையை விரிவாக்கி, 9 முதல் 17 வயது வரையுள்ள 126 பிள்ளைகளிடம் 10 வாரம் சோதித்து, முடிவை 2010-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். பயிற்சி பெற்றவருள் பாதிக்கு மேற்பட்டோர் நன்கு தேறினர். வெறும் ஆலோசனை பெற்றவருள் தேறியோர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1902-ஆம் ஆண்டு வைத்தியரும் கண்ணாடி முன் நிறுத்திப் பயிற்சி கொடுத்தவர்களே. அவர்கள் பிள்ளையைத் திருத்த முனைந்தார்கள். இவர்கள் பிள்ளைக்கு ஓர் உபாயத்தைக் கொடுக்கிறார்கள். பயிற்சியை ஏற்பதும் விடுவதும் பிள்ளையின் விருப்பம்; தாயார் பின்னாலேயே நின்று “செய், செய்” என்று தூண்டினால் அதுவும் அதட்டலாகிவிடும்.

வீட்டிலே செய்ய வேண்டுவது பெரும்பாலும் செய்யாதிருத்தலே. டிக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே அது மிகும். ஆதலால் வந்தோர் முன்னிலையில் அதைச் சுட்டலாகாது. களைப்பும், பரபரப்பும், திருவிழா நாளின் மகிழ்ச்சியும்கூட அதைக் கூட்டும். உறக்கம் நன்கு வாய்த்தல் வேண்டும். பாட்டிலும், விளையாட்டிலும், மனம் தோய்ந்த கைவேலையிலும் ஈடுபடும்போது அது குறைவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். இன்னொன்று: கவனம் சிதறுதலும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சியும் இப்பிள்ளைகளுக்குப் பல வேளை உடன் வருகின்றன. ஜான்ஸன் வாயிற்படியில் அடி எண்ணியதை நினைவு கூர்க. பிள்ளையின் கல்வியை உண்மையில் தடுப்பது பெரும்பாலும் டிக் அன்று, இவ்வுடன் வரும் தொல்லைகளே; வைத்தியரிடம் இவற்றையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கின்றது. பெஞ்சின்மேல் நிறுத்தப்பட்ட டிக் சிறுவனுக்கும் அச்சட்டம் பொருந்தும். ஆனால் சட்டத்தைவிட ஒரு திரைப்படம் மிகுதியான வீடுகளை எட்டியது. 2018-இல் வெளிவந்த ‘ஹிச்கி’ என்னும் இந்திப் படத்தில் ராணி முகர்ஜி டூரெட் நோயுடைய ஆசிரியையாக நடித்தார். அப்பெயருக்கு விக்கல் என்பது பொருள். அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹன் தம் வாழ்வைப் பற்றி எழுதிய நூலே அதற்கு மூலம். கோஹன் சிறுவனாயிருந்தபோது, வகுப்பின் முன்னே நிறுத்தி, ஒலி எழுப்பியதற்காக மன்னிப்புக் கேட்கும்படி ஆசிரியர் ஒருவர் செய்தார். வேறொரு பள்ளியின் தலைமை ஆசிரியரோ, இசை நிகழ்ச்சிக்குக் கூடியிருந்த பள்ளி முழுவதின் முன்னே அவனை மேடைக்கு அழைத்து, அந்த ஒலி ஏன் வருகின்றது, நாங்கள் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தன்னை எல்லோரையும் போல் நடத்தினால் போதும் என்னும் கருத்துப்படச் சிறுவன் விடையளித்தான், கூடம் கைதட்டியது. இரண்டு நிகழ்ச்சியிலும் அவன் சபையின் முன்னேதான் நின்றான்!

ஆசிரியராக விரும்பிய அவரை 24 பள்ளிகள் மறுத்தன. ஸொலிஹல் ஊரார் கடிதம் எழுதி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் காரணம் மாறவில்லை. இருபத்தைந்தாவது பள்ளி ஜார்ஜியா மாநிலத்தில் அவரை ஏற்றது; 1997-இல் அம்மாநிலம் அவருக்குச் சிறந்த புதிய ஆசிரியர் என்னும் விருதளித்தது.

எல்லாப் பிள்ளைகளும் மேடையேற விரும்பமாட்டார்கள். ஆகவே வகுப்பினருக்கு விளக்கிச் சொல்லுமுன், பிள்ளையின் சம்மதத்தைப் பெறுதல் இன்றியமையாதது. தான் அங்கிருக்கும்போது சொல்ல வேண்டுமா, இல்லாதபோது சொல்ல வேண்டுமா என்பதையும் அவனே தீர்மானிக்கட்டும். முதல் வரிசையில் அமர்த்தினால் பின்னாலிருக்கும் நாற்பது கண்களும் அவன் கழுத்தின்மேல் இருக்கும். ஓரமாக, வாயிலுக்கு அருகே இடம் கொடுப்பது நல்லது. அடக்க முடியாதபோது அனுமதி கேளாமலே எழுந்து சென்று, சிறிது நேரம் கழித்துத் திரும்பி வர ஓர் ஏற்பாடு செய்யலாம். தேர்வு நாளில் தனி அறையும் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறுதல் தகும். அமைதியான தேர்வுக் கூடத்தில் ஒரு செருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, வினாத்தாளில் உள்ள கணக்கைப் படிக்கக் கவனத்தில் மிஞ்சுவது சொற்பமே.